உப்பில் ஊறிய கூஜாவும் என் வலது முட்டியும்

என் வலது முட்டியின் வலியை நான் டிகிரியில் எழுதிவந்தேன். இதில் விசித்திரம் எதுவும் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. மரக்காணம் உப்பளத்தில் இருபத்திரண்டு வருடம் சூப்பர்வைசராக இருந்தவன் நான். காலை ஆறே முக்காலுக்கும் மாலை நாலரைக்கும் ஒவ்வொரு பாத்தியிலும் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு, தண்ணீர் எத்தனை டிகிரிக்கு வற்றியிருக்கிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. கடல் தண்ணீர் மூன்று டிகிரி. வெயிலில் வற்ற வற்ற அது பத்து, பதினாறு, இருபது என்று ஏறும். இருபத்தைந்தில் உப்பு விழும். இருபத்தொன்பதைத் தாண்டவிட்டால் கசப்பு இறங்கி உப்பு கெட்டுவிடும். அதற்குள் வாரிவிட வேண்டும். ஆகவே முட்டி வலிக்க ஆரம்பித்தபோது, அதே டைரியில் வலது ஓரமாக ஒரு கோடு கிழித்து முட்டிக்கும் ஒரு கட்டம் ஒதுக்கினேன். “பாத்தி 7: காலை 19, மாலை 21. முட்டி: காலை 8, மாலை 14.”

வலிக்குக் காரணம் பழையது. பல வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில் மடைப் பலகையைத் தூக்கும்போது வழுக்கியது. கால் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் திரும்பினோம். அப்போது வீங்கி வடிந்துபோன முட்டி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் பின்பாதியில் மறுபடி தன் இருப்பைச் சொல்ல ஆரம்பித்தது. எங்கள் அளத்தில் பன்னிரண்டு பாத்திகள். பன்னிரண்டாவது கடலோரம். கொட்டகையிலிருந்து அதுவரை வரப்பின் மேல் எனக்கு எழுநூற்று நாற்பது எட்டு. முட்டி கெட்ட பிறகு அதே தூரம் எண்ணூற்றுப் பத்து எட்டாயிற்று. தூரம் நீளவில்லை, எட்டு குறுகியிருந்தது.

முதலாளி இதைக் கவனித்துவிட்டார். நல்ல மனிதர். அதனால்தான் அவர் சொன்னதை எதிர்த்துப் பேசுவது கடினமாக இருந்தது.

“உங்கள யாரும் வேலைய விட்டு அனுப்பல. கொட்டாயில ஒரு நாற்காலி போட்டுத் தர்றேன். உக்காந்து மூட்டைய எண்ணுங்க. டிகிரி பாக்குறத மச்சான் பாத்துக்குவாரு.”

மச்சான் என்பது அவர் மனைவியின் தம்பி. திண்டிவனத்தில் ஒரு சினிமா கொட்டகையில் மேனேஜராக இருந்துவிட்டு வந்திருந்தார். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். கண்ணாடிக் குழலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, “இதுல எங்க சார் நம்பர் இருக்குது?” என்று என்னைக் கேட்டவர். என் தண்ணீரை அந்த விசிலிடம் விட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து மூட்டை எண்ண என்னால் முடியாது. முதலாளியிடம் தவணை கேட்டேன்.

“சரி. அடுத்த மாசியில மொத உப்பு வார்ற அன்னிக்கு, பன்னெண்டாவது பாத்தி வரைக்கும் நீங்களே நடந்து போயி, டிகிரி பாத்துச் சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா மச்சான் சினிமா கொட்டாய்க்கே போவட்டும். இல்லன்னா நாற்காலி.”

அதற்கு ஒரு வருடம் இருந்தது. திண்டிவனத்து டாக்டர் இரண்டு விதத் தைலமும் ஒரு கடிதமும் கொடுத்தார். தைலத்தை முட்டியில் தடவிக்கொண்டு, கடிதத்தை எடுத்துக்கொண்டு, மனைவியுடன் மெட்ராஸ் போனேன். அங்கே வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஓர் எலும்பு டாக்டர் இருந்தார்.

“வலி எப்படி இருக்குது?” என்றார்.

“சராசரி பதினெட்டு சார். போன செவ்வாக்கிழமை மட்டும் இருபத்தொண்ணு.”

டாக்டர் என் மனைவியைப் பார்த்தார்.

“அவரு எல்லாத்தையும் அப்படித்தாங்க சொல்லுவாரு,” என்றாள் அவள். “எனக்குக் காய்ச்சல் வந்தாக்கூட ஏழாம் நம்பர் பாத்திக்குக் கீழதான் எழுதுவாரு.”

நான் கடல் தண்ணீரிலிருந்து ஆரம்பித்துக் கசப்பு வரைக்கும் விளக்கினேன். வெளியே பதினான்கு பேர் காத்திருந்தார்கள், வரும்போதே எண்ணியிருந்தேன். ஆனாலும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு என் முட்டியை மடக்கினார், நீட்டினார், எக்ஸ்ரே படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

“எலும்புக்கு நடுவுல இருக்குற மெத்தை தேஞ்சுபோச்சு. தேஞ்ச முனைய வெட்டி எடுத்துட்டு உலோக மூட்டு வெக்கலாம். இங்க இப்பதான் ஆரம்பிச்சிருக்கோம். ஆனா அது பத்து வருஷம் உழைக்கும். அதுக்கு மேல நான் வாக்குக் குடுக்க மாட்டேன். உங்களுக்கு அம்பத்தொண்ணு வயசு. அவசரப்பட்டு இப்பவே வெச்சா, பின்னாடி இன்னொரு தடவை வெட்டணும். ரொம்பத் தள்ளிப்போட்டா கால் வளைஞ்சுரும், தொடைச் சதை வத்திரும், வெச்சும் பிரயோஜனம் இருக்காது. படத்தப் பாத்து நாள் குறிக்க முடியாது. தூக்கம் கெடுதா, நடக்குற தூரம் கொறையுதா, வேலை நிக்குதா, இதப் பாத்துத்தான் குறிக்கணும். அத நீங்கதான் சொல்லணும்.”

“எப்ப சொல்றது சார்?”

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். “உங்க கணக்குலயே சொல்றேன். இருபத்தஞ்சுல வாங்க. இருபத்தொம்பதுக்கு விட்றாதீங்க.”

இவ்வளவு தெளிவாக எந்த டாக்டரும் அதுவரை என்னிடம் பேசியதில்லை.

திரும்பும் பஸ் பெருமுக்கல்லைத் தாண்டும்போது என் மனைவி மலைமேல் இருக்கும் கோயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“முட்டி சரியாச்சுன்னா மலை ஏறுறதா வேண்டிக்கிட்டேன்.”

“உனக்கு மூச்சு வாங்குமே.”

“நான் இல்லீங்க. நீங்க.”

*

உலோக மூட்டு என்ற செய்தி எனக்கு முன்பே அளத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் காலை கொட்டகையில் எனக்காக ஒரு கூட்டமே காத்திருந்தது. மற்ற ஊர்க்காரர்களாக இருந்தால் ரத்தம் போகுமா, உயிருக்கு ஆபத்தா என்று கேட்டிருப்பார்கள். எங்கள் ஆட்கள் கேட்டது ஒரே கேள்வி: துரு பிடிக்குமா?

அதைக் குறை சொல்ல முடியாது. எங்கள் அளத்தில் இரும்பு வாழாது. கொட்டகைப் பூட்டு வருடத்துக்கு ஒன்று. சைக்கிள் கம்பிகள் முறுக்கு மாதிரி ஒடியும். மடைப் பலகைக்கு ஆணிக்குப் பதில் மர முளைதான் அடிப்போம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதன் இரும்பை உள்ளே வைத்துக்கொண்டு தினம் இரண்டு வேளை நடக்கப் போகிறான் என்றால் கேட்கத்தான் செய்வார்கள்.

உப்புச் சுமக்கும் பெண்களில் மூத்தவள் எல்லோருக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொன்னாள். “மூணே வருஷம். துரு ஏறி, ஐயா நடந்தா கெணத்து ராட்டினம் கணக்கா கத்தும். நல்லதுதான். அவரு வர்றது அரை மைலுக்கு முன்னாடியே தெரிஞ்சுரும். நாம எழுந்து வேலை செய்யலாம்.”

கூனிமேட்டிலிருந்து வரும் இன்ஜின்கார பாய் இதை ஏற்கவில்லை. கடல் தண்ணீர் இறைக்கும் இன்ஜினைப் பதினைந்து வருடமாக ஓட்டிக்கொண்டிருப்பவர். “துருவெல்லாம் அப்புறம்மா. பேரிங் மாத்துறாங்க, அவ்ளோதான் சமாச்சாரம். நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. சார், கிரீஸ் எந்த ஓட்டையில வெப்பாங்க?”

“நான் கேக்கலையே பாய்.”

“யா அல்லா! அதக் கேக்காமலா மெட்ராஸ் வரைக்கும் போய்ட்டு வந்தீங்க?”

அன்றே டாக்டருக்கு ஒரு கார்டு எழுதினேன். இரண்டு கேள்வி: உலோகம் எது, கிரீஸ் எங்கே. பதினோராம் நாள் பதில் வந்தது. “எவர்சில்வர் போன்றது, அதைவிட உயர்ந்தது. கவலை வேண்டாம்.” இரண்டாவது கேள்வியை அவர் தொடவே இல்லை. கவலை வேண்டாம் என்று எழுதினால் கவலைப்படாமல் இருந்துவிடும் ஆளில்லை நான். எவர்சில்வர் என்றால் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் வீட்டில் இருந்த நல்ல எவர்சில்வர் சாமான் ஒன்றுதான். என் மனைவிக்குத் தாய்வீட்டில் கொடுத்த கூஜா. கைப்பிடி, திருகுமூடி, அடியில் அவள் பெயரின் முதலெழுத்துகளைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும்.

“முட்டி உங்களது. கூஜா என்னோடது,” என்றாள்.

“நாப்பது நாள்தான். திருப்பிக் கொடுத்துடுவேன்.”

“எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். “பெற்றுக்கொண்டேன்: எவர்சில்வர் கூஜா ஒன்று, மூடியுடன், பழுதில்லாமல். தவணை: நாற்பது நாள்.” தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அவள் அதை அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள்.

வைகாசி வெயிலில், இருபத்தைந்து டிகிரி நிற்கும் எட்டாவது பாத்தியில், கூஜாவின் கைப்பிடியில் நாலு முழம் தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டி, முளையடித்து இறக்கினேன். மச்சான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“முதலாளிக்குக் கூஜா தூக்குறவங்களப் பாத்திருக்கேன் சார். முட்டிக்குக் கூஜா தூக்குறவர இப்பதான் பாக்குறேன்.”

நாற்பது நாளும் டைரியில் மூன்றாவது கட்டம் ஒன்று இருந்தது. “கூஜா: மாற்றமில்லை.” பதினெட்டாம் நாளுக்குப் பிறகு கூஜாவே தெரியவில்லை, சுற்றிலும் உப்பு விளைந்து, ஒரு பெரிய கற்கண்டுக் கட்டியாகிவிட்டது. முட்டி இதற்குள் இருபத்துமூன்றுக்கு வந்திருந்தது. வரப்பில் மூன்று பாத்திக்கு ஒருமுறை நின்று, தண்ணீரை ஆராய்வதுபோல் மூச்சு வாங்குவேன். அது ஆராய்ச்சி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

நாற்பதாம் நாள் கட்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, மரச்சுத்தியால் பாய்தான் பக்குவமாகத் தட்டினார். உப்பு ஓடு ஓடாகப் பெயர்ந்தது. உள்ளே கூஜா கல்யாணத்தன்று இருந்ததுபோல் பளபளத்தது. எல்லோரும் ஒரு சத்தம் போட்டார்கள். கயிற்று முடிச்சு மட்டும் உப்பு ஏறிக் கல்லாக இறுகிவிட்டது, அவிழவில்லை. அப்புறம் பாய் கூஜாவைத் திருப்பினார். அடியில், வெட்டிய எழுத்தின் ஒரு வளைவில், கடுகளவு பழுப்புப் புள்ளி.

துரு என்று பதினோரு பேர். அழுக்கு என்று ஒன்பது பேர். பாய் இரண்டு பக்கமும் சேரவில்லை. “கிரீஸ் இருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது.” நான் பூதக்கண்ணாடி எடுத்துவர வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள், சுமைகார மூத்தவள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வைத்துவிட்டாள்.

“போயிருச்சு ஐயா!” என்றாள் சிரித்துக்கொண்டு.

“என்ன காரியம் பண்ணிட்ட! அது துருவா அழுக்கான்னு இனிமே எப்படித் தெரியும்?”

“போனா அழுக்குதான. துருவா இருந்தா போவுமா?”

“புளி போட்டா துருவும் போவும்.”

“அப்ப முட்டிக்கும் புளி போட்டுக்குங்க.”

இங்கேதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். சோதனை முடிவு தெரியாத நிலையில் அறுவைக்குச் சம்மதிப்பது முறையல்ல என்று தீர்மானித்து, இன்னொரு நாற்பது நாளுக்கு ஏற்பாடு செய்ய ஆரம்பித்தேன். கூஜாவை மனைவி மறுபடி கொடுக்க மறுத்தாள். ஒரு கரண்டிக்காக அவளோடு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. முட்டி அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. ஆனிக் கடைசியில் இருபத்தைந்து. ஆடி பிறந்ததும் இருபத்தாறு. வலது பக்கக் கட்டத்தில் இதையெல்லாம் நான் என் கையாலேயே, நல்ல கையெழுத்தில் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். எழுதுவதுதான் என் வேலை, படித்துப் பார்ப்பது வேறு யாருடைய வேலையோ என்பதுபோல.

ஒரு நாள் மாலை பத்தாவது பாத்தி வரப்பில் நின்றேன். நின்றவன் நின்றவன்தான். முன்னும் போக முடியவில்லை, பின்னும் போக முடியவில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர். கடைசியில் சுமைகாரப் பெண்கள் நாலு பேர் ஒரு மடைப் பலகையைக் கொண்டுவந்து, அதில் என்னை உட்காரவைத்துத் தூக்கினார்கள்.

“அசையாதீங்க ஐயா. உப்பு மூட்ட அசையுமா?”

“மூட்டையே பரவால்ல. இது பேசுது.”

கொட்டகை வாசலில் மச்சான் நின்றிருந்தார். நாங்கள் நெருங்கியபோது வழி விடச் சொல்லி விசில் ஊதினார். அதை மட்டும் இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

அன்று வீட்டில் மனைவி டைரியைக் கேட்டு வாங்கி, விரலை வைத்து ஓரக் கட்டத்தைக் கீழே வரை படித்தாள்.

“இருபத்தேழுன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா.”

“இருபத்தொம்பதுக்கு விடாதீங்கன்னாரு டாக்டர். இன்னும் ரெண்டுதான் இருக்குது. உப்பா இருந்தா விட்டுருப்பீங்களா?”

உப்பாக இருந்தால் இரண்டு நாளுக்கு முன்பே ஆள் இறக்கியிருப்பேன். மறுநாள் முதல் பஸ்ஸில் மெட்ராஸ் போனோம்.

*

டாக்டர் முட்டியைப் பார்க்கவில்லை. உள்ளங்காலைப் பார்த்தார். உப்புத் தண்ணீரில் நின்ற கால் எங்கள் எல்லோருக்கும் பாளம் பாளமாக வெடித்திருக்கும். அதை நாங்கள் காலாகவே நினைத்துக்கொள்வோம்.

“இந்த வெடிப்பு வழியா கிருமி போனா, உள்ள வெச்ச மூட்டையே திருப்பி எடுக்க வேண்டி வரும். வெடிப்பு ஆறணும். சொத்தைப் பல் இருந்தா அதையும் எடுத்துருங்க. ரெண்டு மாசம் பாத்தியில கால் வெக்கக் கூடாது.”

அது ஒரு விதத்தில் வசதியாகவே இருந்தது. ஐப்பசி மழையில் அளம் மூடும். அப்போது அறுவை செய்தால், மாசிக்குள் தேற நாலு மாதம் இருக்கும். ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் காலில் வேப்பெண்ணெய் தடவி, வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். மரக்காணத்து வெயிலில் சாக்ஸ் போட்ட மனிதனைப் பார்க்க அனுமந்தையிலிருந்துகூட ஆள் வந்தார்கள். ஒரு பல்லும் போயிற்று.

துரு விஷயத்தை டாக்டரிடம் நேரிலேயே கேட்டேன். கூஜா, நாற்பது நாள், கடுகளவு புள்ளி எல்லாம் சொன்னேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்து, அதைத் துடைத்துக்கொண்டு, “ரத்தத்துல எவ்ளோ உப்பு இருக்குதுன்னு நெனைக்கிறீங்க?” என்றார்.

“அளந்ததில்ல சார்.”

“நாங்க கையில ஏத்துற சலைன் பாட்டில்லயும் அதே அளவு உப்புதான். போய் அளந்து பாருங்க.”

அவர் வேடிக்கையாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது வேட்டிகளுக்கு நடுவில் கண்ணாடிக் குழலைச் சுற்றி எடுத்துப் போயிருந்தேன்.

அறுவையைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. அன்றைக்குரிய பக்கம் காலி. விழித்தபோது வலது கால் மாவுக்கட்டுக்குள் கட்டை மாதிரி கிடந்தது. வலி எத்தனை என்று டாக்டர் கேட்டாராம். “முப்பத்திரண்டு, கசப்பு, மடையத் தொறந்து விடுங்க” என்றேனாம்.

மூன்றாம் நாள் கழற்றிய சலைன் பாட்டிலில் பாதி மீதி இருந்தது. மனைவி கஞ்சிக்கு வெந்நீர் கொண்டுவந்த கூஜா கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதே கூஜாதான், கயிற்றோடு. முடிச்சை அறுத்தால் கைப்பிடி கீறும் என்று அவள் அறுக்கவில்லை. நாலு முழத்தையும் கழுத்தில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுவந்திருந்தாள். கூஜாவைக் கழுவித் துடைக்கச் சொல்லி, சலைனை ஊற்றினேன். மூன்று நாள் மீந்ததைச் சேர்த்தும் விளிம்புக்கு வரவில்லை என்பதால் பக்கத்துக் கட்டில்காரரும் தன் பாட்டிலைக் கொடுத்து உதவினார். குழலை மிதக்கவிட்டுக் குனிந்தபோது சிஸ்டர் வந்துவிட்டார்.

“என்ன பண்றீங்க?”

“டிகிரி பாக்குறேன் சிஸ்டர்.”

“காய்ச்சல் பாக்குறது நாங்க! இவ்ளோ பெரிய தர்மாமீட்டரு எங்க வாங்கினீங்க? வாயில வெக்காதீங்க!”

அவர் பிடுங்குவதற்குள் பார்த்துவிட்டேன். ஒரு டிகிரிகூட இல்லை. கடல் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத உப்புக்காக, நான் இருபத்தைந்து டிகிரியில் கூஜாவை ஊறப்போட்டு ஒரு கோடையை வீணாக்கியிருக்கிறேன். அன்றே அளத்துக்குக் கார்டு எழுதினேன். “மனித ரத்தம் ஒரு டிகிரிக்கும் குறைவு. கூஜா தேறியது.” பாயிடமிருந்து ஒரே சொல்லில் பதில் வந்தது. “கிரீஸ்?” டாக்டரைக் கேட்டு மறு கார்டு போட்டேன். உடம்பே உள்ளே வழவழப்பாக ஒரு நீர் சுரந்துகொள்ளும், ஓட்டை தேவையில்லை. பாய் அதை ஆறு பேருக்குப் படித்துக் காட்டினாராம்.

*

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். கார்த்திகை முதல் வாரம் வீட்டுக்கு வந்தேன். அறுவையைச் செய்தது டாக்டர். தேறுவதை நானேதான் செய்ய வேண்டும் என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். முட்டிக்குக் கீழே தலையணை வைக்கக் கூடாது. சுகமாக இருக்கும், ஆனால் கால் வளைந்தபடியே நின்றுவிடும். தொடையை இறுக்கிப் பத்து எண்ணி விட வேண்டும். குதிகாலைப் பின்னால் இழுத்து இழுத்து முட்டியை மடக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில். தரையில் சம்மணம் கூடாது. குந்தவே கூடாது, என்றைக்கும். ஆறு வாரத்துக்குள் முட்டி செங்கோணத்துக்கு மடங்காவிட்டால், மறுபடி மயக்கம் கொடுத்து அவர் மடக்குவார்.

குந்தக் கூடாது என்பதால் கொல்லைப் பக்கத்துக்கு ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று தச்சர் செய்து கொடுத்தார். செங்கோணம் என்பதைக் கேட்டதும் தன் மூலைமட்டத்தையும் விட்டுவிட்டுப் போனார். தினம் பலகையில் பவுடர் கொட்டி (அது மனைவியின் டப்பா, இதற்கும் எழுதிக் கொடுத்தேன்) குதிகாலைச் சறுக்கி இழுப்பேன். மனைவி மூலைமட்டத்தை முட்டிக்கடியில் வைத்து இடைவெளியை விரலால் அளப்பாள். “ஆறு விரக்கடை.” “அஞ்சரை.” வருகிறவர்களுக்கெல்லாம் இது பழகிவிட்டது. நலம் விசாரிப்பதற்கு முன் மூலைமட்டத்தை எடுத்துவிடுவார்கள்.

“மூலைக்கு வந்துருச்சா ஐயா?” என்று சுமைகார மூத்தவள் ஒரு நாள் நாலு பேரோடு வந்தாள்.

“ரெண்டு விரல் பாக்கி.”

“ரெண்டு விரல்தான? ஏண்டி, ஆளுக்கு ஒரு பக்கம் புடிங்க.”

“தொட்டா டைரியில எழுதிடுவேன்!” என்று நான் கத்தியது தெருவுக்கே கேட்டது.

தொடைச் சதைக்குப் பலம் வர, கணுக்காலில் ஒரு கிலோ எடை கட்டித் தூக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் எடை என்றால் உப்புதான். ஒரு கிலோ உப்பைத் துணியில் கட்டிக் காலில் மாட்டினேன். மழைக்காலத்தில் உப்பு ஈரம் குடிக்கும் என்பது எனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் அதைக் காலோடு சேர்த்து யோசிக்கவில்லை. எனக்குப் பலம் குறைகிறது என்று ஒரு வாரம் பயந்தேன். நிறுத்துப் பார்த்தால் ஒன்றே கால் கிலோ. பிறகு அது நீர்விட்டுக் கணுக்கால் வழியாகச் சொட்டியது, எண்ணூறு கிராம். அதன் பிறகு தினம் காலையில் முதலில் உப்பை நிறுப்பேன், பிறகு காலைத் தூக்குவேன்.

முப்பத்தெட்டாம் நாள் மூலைமட்டம் இடைவெளியில்லாமல் முட்டிக்கடியில் உட்கார்ந்தது. மனைவி தெருவில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். தை மாதம் கைத்தடியோடு தெருவில் நடந்தேன். தை கடைசியில், வீட்டுக்குப் பின்னால் வரப்பகலத்துக்குச் சுண்ணாம்பில் இரண்டு கோடு போட்டு, அதற்குள் தடியில்லாமல் நடந்து பழகினேன். எழுநூற்று நாற்பது எட்டு. மடைகளுக்குக்கூடக் குறி போட்டிருந்தேன். மாசிக்கு நான் தயார். எதையும் விட்டுவிடவில்லை என்று நினைத்தேன்.

முதல் உப்பு வாரும் நாள் கொட்டகையில் படையல் போட்டிருந்தார்கள். என் மனைவி பொங்கலும், கூஜாவில் மோரும் கொண்டுவந்திருந்தாள். முதலாளி என்னைப் பார்த்தார். நான் கண்ணாடிக் குழலையும் அதை மிதக்கவிடும் ஜாடியையும் எடுத்துக்கொண்டு வரப்பில் ஏறினேன், நல்ல கால் முதலில்.

பின்னால் எல்லோரும் வரிசையாக வந்தார்கள். வரப்பு ஓராள் அகலம், வேறு எப்படியும் வர முடியாது. ஒவ்வொரு மடையிலும் நான் இறங்கும்போது பின்னாலிருந்து, “கெட்ட காலு!” என்றும், ஏறும்போது, “நல்ல காலு!” என்றும் பெண்கள் கூவினார்கள். பத்தாவது பாத்தி வரப்பில், போன ஆடியில் நின்ற இடத்தில், பெண்கள் என் காலையே எட்டிப் பார்த்தார்கள். தாண்டினேன். பன்னிரண்டாவது பாத்தி வந்தது. எழுநூற்று அறுபத்தைந்து எட்டு. பாய் கை தட்டினார்.

ஜாடியைக் கையில் எடுத்தேன். எடுத்தபடியே நின்றேன்.

மடையடிக் குழியில் ஜாடியை முக்க வேண்டும். பிறகு அதை வரப்பில் வைத்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாகத் தினமும் இரண்டு வேளை, ஒவ்வொரு பாத்தியிலும் அதைக் குந்தித்தான் செய்திருக்கிறேன். குந்துவதை ஒரு வேலையாக நான் டைரியில் எழுதியதே இல்லை. அதனால் அது என் கணக்கில் வரவில்லை. நாலு மாதமாக நடக்கப் பழகினேன். வந்து சேர்ந்த இடத்தில் செய்ய வேண்டியதைச் செய்ய முடியாது.

மச்சானுக்குப் புரிந்துவிட்டது. “குடுங்க சார், நான் பாக்குறேன்,” என்று சட்டென்று முன்னால் வந்து குந்தினார். அவர் முட்டிகள் இரண்டும் எவ்வளவு சுலபமாக மடங்கின என்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி தரையைப் பார்த்தார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

வரிசையின் கடைசியிலிருந்து சுமைகார மூத்தவளின் குரல் வந்தது. “ஏம்மா, மோர எல்லாரும் குடிச்சாச்சா?”

“இன்னும் கொஞ்சம் இருக்குது,” என்றாள் என் மனைவி.

“குடிச்சிட்டுக் கூஜாவ முன்னால அனுப்புங்க. கயிறு இருக்குதுல்ல!”

கூஜா கைமாறிக் கைமாறி வரிசையில் முன்னால் வந்தது. ஆளுக்கொரு வாய் மோர் குடித்து அனுப்பினார்கள். பாய் என் கையில் கொடுத்தபோது காலியாக இருந்தது. கழுத்தில் சுற்றியிருந்த கயிற்றைப் பிரித்தேன். நின்றபடியே குழியில் இறக்கினேன், இழுத்தேன், கொட்டினேன்.

“என்ன சார், கொட்டிட்டீங்க?” என்றார் மச்சான், இன்னும் குந்தியபடி.

“மோர் ஒட்டியிருக்கும். மூணு தடவை அலசணும்.”

மூன்று தடவை அலசினேன். நாலாவது தடவை விளிம்பு வரை நிறைந்த கூஜாவை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். குழலை உள்ளே விட்டதும் அது ஆடி ஆடி நின்றது. விளிம்புக்கு மேலே எண் தெளிவாகத் தெரிந்தது. இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு சௌகரியமாக நான் டிகிரி பார்த்ததில்லை.

“இருபத்தஞ்சரை,” என்றேன்.

முதலாளி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். “அப்புறம் என்ன, ஆள எறக்குங்க,” என்று பெண்களிடம் சொன்னார். பிறகு என்னிடம், “சாயந்திரமும் நீங்களே பாத்துருங்க,” என்றார்.

மச்சான் எழுந்தார். எழும்போது அவர் முட்டி இரண்டும் டக்கென்று சொடுக்கியது எல்லோருக்கும் கேட்டது. பாய் குனிந்து மிகுந்த அக்கறையோடு விசாரித்தார். “சாருக்கு எத்தினி டிகிரி?”

கூஜா அன்று முதல் கொட்டகையில் தங்கிவிட்டது. அரிசிப் பானைக்கு அடியிலிருந்த சீட்டை மனைவி எடுத்துவந்து, “நாப்பது நாள்னு போட்டிருக்குது” என்று காட்டினாள். புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தேன். இந்த முறை காலவரை குறிப்பிடவில்லை.

மாலை டைரியில் எழுதினேன். “பாத்தி 12: காலை 25½, வாரியாயிற்று. முட்டி: மாலை 2.” கடல் தண்ணீரே மூன்று. பேனாவை மூடும்போது மனைவி பின்னால் வந்து நின்று, ஓரக் கட்டத்தைப் படித்தாள்.

“அப்ப பெருமுக்கல் எப்போ?”

“அங்க எத்தனை படின்னு தெரியல. விசாரிக்கணும்.”

“நான் விசாரிச்சிட்டேங்க,” என்றாள். “ஏறும்போது நல்ல காலு.”